ஓர் எண் மாறினால் முழுப் பட்டியலும் ஏன் ஆட வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைபேசிச் செயலிகள் ஏன் திணறுகின்றன என்பது குறித்துத் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பழைய கைபேசி, நிரம்பிய நினைவகம், மெதுவான இணையம் என்று மூன்று காரணங்களை அக்கட்டுரை கூறியிருந்தது. மூன்றும் உண்மைதான். ஆனால் செயலிகளை உருவாக்குவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், வாசகரின் கைபேசியிலும் இணைப்பிலும் இல்லாத, செயலியை எழுதுகிற எங்களிடமே இருக்கிற நான்காவது காரணத்தையும் சொல்லியாக வேண்டும். படித்துக்கொண்டிருக்கும் பட்டியல் திடீரென்று மேலே ஓடிவிடுவது, படங்கள் ஒரு கணம் மறைந்து மீண்டும் வருவது, ஒன்றைத் தொட்டால் அதற்குப் பக்கத்தில் இருப்பது திறப்பது போன்ற தொல்லைகள் பல அந்த நான்காவது காரணத்தால் வருபவை. புதிய கைபேசி வாங்கினாலும் அவை தீர்வதில்லை.

சட்டமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை நாளை எடுத்துக்கொள்கிறேன். தங்கள் வாசகர்கள் எல்லோரும் அறிந்த நாள் அது. தமிழகத்தில் 38 மாவட்டங்கள், 234 தொகுதிகள். 2021 தேர்தலில் களத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய 4,000 பேர். கரூர் தொகுதியில் மட்டும் 77 பேர். ஒரு செய்திச் செயலியின் முடிவுகள் பக்கத்தில் மாவட்டங்கள் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு மாவட்டத்துக்குள்ளும் அதன் தொகுதிகள் பக்கவாட்டில் நகர்த்திப் பார்க்கும் அட்டைகளாக இருக்கும். ஓர் அட்டையைத் தொட்டால் அத்தொகுதியின் வேட்பாளர்கள் வரிசையாக விரிவார்கள். பட்டியலுக்குள் பட்டியல், அதற்குள் இன்னொரு பட்டியல். காலை 8 மணிக்குத் தபால் வாக்குகளையும் 8.30 மணிக்கு இயந்திர வாக்குகளையும் எண்ணத் தொடங்குவார்கள். ஒரு தொகுதிக்குப் பொதுவாக 14 மேசைகள். அத்தனை மேசைகளும் ஒருமுறை எண்ணி முடித்தால் ஒரு சுற்று. எந்தத் தொகுதியில் எந்தச் சுற்று எத்தனை மணிக்கு முடியும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரே நிமிடத்தில் பத்துத் தொகுதிகளில் எண்கள் மாறலாம். அடுத்த சில நிமிடங்களில் ஒன்றுமே மாறாமலும் போகலாம்.

கரூர் வாசகர் ஒருவர் அந்தப் பட்டியலில் தமக்குத் தெரிந்த சுயேச்சை வேட்பாளர் எத்தனை வாக்கு வாங்கியிருக்கிறார் என்று பார்க்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 77 பெயர்களில் ஐம்பதாவது பெயருக்கு அருகே வந்துவிட்டார். அந்த நேரத்தில் கும்மிடிப்பூண்டியில் ஐந்தாவது சுற்று முடிகிறது. அவருடைய பட்டியலுக்கும் அந்தச் செய்திக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் திரை ஒருமுறை வெளுத்து, பட்டியல் முதல் பெயருக்குத் திரும்பிவிடுகிறது. மீண்டும் விரலால் தள்ளிக்கொண்டே கீழே போகிறார். இம்முறை கிள்ளியூரில் ஒரு சுற்று முடிகிறது. இணையம் சரியில்லை என்று நினைத்துச் செயலியை மூடித் திறக்கிறார். குற்றம் இணையத்தில் இல்லை.

என்ன நடக்கிறது என்றால், சர்வரிலிருந்து புதிய தகவல் வந்தவுடன் செயலி தன்னிடமிருந்த பழைய பட்டியலை முழுவதுமாகத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை வைக்கிறது. ஆண்ட்ராய்டில் 2014 முதல் பட்டியல்களுக்குப் பயன்பட்டுவரும் ரீசைக்கிளர்வியூவில் இதற்கென்றே 'நோட்டிஃபை டேட்டாசெட் சேஞ்ச்டு' என்ற ஒரு கட்டளை உண்டு. எது மாறியது, எது மாறவில்லை என்று எதுவும் சொல்லாமல், 'எல்லாம் மாறிவிட்டது' என்று மட்டும் அது அறிவிக்கும். உடனே திரையில் தெரியும் வரிசைகள் அனைத்தும் புதிதாக நிரப்பப்படும். ஒவ்வொரு மாவட்ட வரிசையும் நிரப்பப்படும்போது அதனுள் இருக்கும் தொகுதிப் பட்டியலுக்கு, தகவலை வரிசைகளாக மாற்றித் தரும் அடாப்டர் என்ற பகுதியைப் புதிதாக உருவாக்கி மாட்டுவது பல செயலிகளில் வழக்கமாக இருக்கிறது; அப்போது வாசகர் பக்கவாட்டில் எதுவரை நகர்த்தியிருந்தார் என்பதும் சேர்ந்தே அழிந்துபோகிறது. வாக்கு எண்ணும் மையத்தின் முன்னால் கரும்பலகையில் எண்களை எழுதும் ஊழியர், ஒரு வேட்பாளரின் எண் மாறினால் அந்த எண்ணை மட்டும் துணியால் துடைத்துவிட்டு எழுதுவார். பலகை முழுவதையும் கழுவிவிட்டு எல்லாப் பெயர்களையும் முதலிலிருந்து எழுத மாட்டார். செயலி பலகையைக் கழுவிக்கொண்டிருக்கிறது.

கண்ணால் பார்ப்பவருக்கு இது எரிச்சலோடு போகிறது. பார்வையற்றவருக்கு அப்படி இல்லை. அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருக்கும் என் நண்பர் திரையைக் குரலில் வாசித்துச் சொல்லும் டாக்பேக் வசதியின் துணையோடுதான் கைபேசியைப் பயன்படுத்துகிறார். கடந்த ஒரு தேர்தலின்போது, ஒரு செய்தி நிறுவனத்தின் செயலியில் தம் தொகுதி முடிவைக் கேட்க முயன்றார். விரலால் ஒவ்வொன்றாகத் தட்டி, 'வேட்பாளர் பெயர், கட்சி, வாக்குகள்' என்று குரல் வாசிக்கத் தொடங்கும். பாதி வாசிப்பதற்குள் பட்டியல் புதுப்பிக்கப்படும். குரல் பக்கத்தின் தலைப்புக்குப் போய்விடும். அங்கிருந்து மறுபடி ஒவ்வொரு வரிசையாகத் தட்டிக்கொண்டு இறங்க வேண்டும். கடைசியில் வானொலியைப் போட்டுக் கேட்டுக்கொண்டார். அந்தச் செயலியை எழுதியவர்கள் யாரும் இதைத் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள். ஒரு கட்டளையைச் சோம்பலில் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒரு குடிமகன் தன் தொகுதியின் முடிவை அறிய முடியாமல் போனதை அற்பமான குறை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

இதற்கு விடை இல்லாமலும் இல்லை. அது புதியதும் இல்லை. தகவல் மாறியதா என்று செயலி அடிக்கடி போய்க் கேட்டுக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, மாறுகிற தகவல் தானாகவே ஓடிவந்து அதற்காகக் காத்திருக்கும் பகுதிகளைச் சேர்வதுதான் ரியாக்டிவ் ஸ்ட்ரீம் என்கிற முறை. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் எரிக் மெய்யர் குழுவினர் 2009-இல் ரியாக்டிவ் எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற பெயரில் இதை வெளியிட்டார்கள். நெட்ஃபிளிக்ஸ் அதை ஜாவா மொழிக்குக் கொண்டுவந்து, ஆர்எக்ஸ்ஜாவா என்று 2013-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2017-இல் கூகுள் ஆண்ட்ராய்டுக்கு இதே முறையில் இயங்கும் லைவ்டேட்டாவையும் ரூம் என்ற தரவுத்தள நூலகத்தையும் தந்தது. 2019-இல் ஆண்ட்ராய்டு செயலிகளை எழுதப் பயன்படும் கோட்லின் மொழியில் ஃப்ளோ என்ற ஸ்ட்ரீம் வசதி நிலைபெற்றது. அதே ஆண்டு ஆப்பிள் கம்பைன் என்ற தன் சொந்த நூலகத்தை அறிவித்தது. இன்று இவற்றில் ஏதேனும் ஒன்றாவது இல்லாமல் எழுதப்படும் பெரிய செயலியைக் காண்பது அரிது. அப்படியிருந்தும் பட்டியல்கள் ஏன் இன்னும் குதிக்கின்றன என்பதே நான் எழுத வந்த செய்தி.

ஸ்ட்ரீம் ஒன்று செயலியில் இருப்பதாலேயே பட்டியல் ஒழுங்காகப் புதுப்பிக்கப்பட்டுவிடாது. 'புதிய நிலை இதோ' என்று மட்டும்தான் ஸ்ட்ரீம் சொல்லும். அந்த நிலையைப் பழைய நிலையோடு ஒப்பிட்டு, எந்த மாவட்டத்தில், எந்தத் தொகுதியில், எந்த வேட்பாளரின் எண் மாறியது என்று கண்டுபிடிப்பது தனி வேலை. அந்த வேலையைச் செய்யாமல், ஸ்ட்ரீமின் முனையில் பழைய 'எல்லாம் மாறிவிட்டது' கட்டளையையே எழுதி வைத்தால், முன்பு அரை நிமிடத்துக்கு ஒருமுறை குதித்த பட்டியல் இப்போது நொடிக்கு ஒருமுறை குதிக்கும். நவீனமான முறையைக் கையாண்டும் செயலி முன்பைவிட மோசமாகிவிட்டதாகப் புலம்பும் குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பாதி வழியில் நின்றுவிட்டவர்கள்.

ஒப்பிடும் வேலைக்கான கணக்குமுறைகளும் பழையவைதான். இரண்டு கோப்புகளுக்கிடையே என்ன வேறுபாடு என்று கண்டறிய பால் ஹெக்கெல் 1978-இலும், யூஜின் மையர்ஸ் 1986-இலும் வெளியிட்ட வழிமுறைகளே இன்று கைபேசிப் பட்டியல்களுக்கு உதவுகின்றன. இன்ஸ்டாகிராம் 2016-இல் ஐபோனுக்காகத் திறந்துவிட்ட ஐஜிலிஸ்ட்கிட் என்ற பட்டியல் நூலகம் முதலாமவரின் வழியைப் பின்பற்றுகிறது. அதே ஆண்டு ஆண்ட்ராய்டில் வந்த டிஃப்யூட்டில் என்ற ஒப்பீட்டுக் கருவி இரண்டாமவரின் வழியில் செல்கிறது. மையர்ஸின் வழிமுறைக்கு ஓர் அருமையான குணம் உண்டு: இரு பட்டியல்களுக்கும் இடையே வேறுபாடு எவ்வளவு குறைவோ, அவ்வளவு விரைவாக அது முடியும். 234 தொகுதிகளில் மூன்று மட்டும் மாறியிருக்கும் வாக்கு எண்ணிக்கை நாளுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்றது. அதையும் திரையை வரையும் திரியில் (செயலி ஒரே நேரத்தில் நடத்தும் வேலைத் தொடர்களில் ஒன்று) செய்யாமல் பின்னணியில் செய்துவிடலாம். நொடிக்கு 60 முறை புதிதாக வரையப்படும் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒருமுறை வரைய நமக்குக் கிடைப்பது 16.7 மில்லி நொடிதான் என்பதால், அந்த நேரத்தை ஒப்பீட்டுக்குச் செலவழிக்கக் கூடாது.

டிஃப்யூட்டில் நம்மிடம் இரண்டு கேள்விகள் கேட்கும். பழைய பட்டியலில் இருப்பவரும் புதியதில் இருப்பவரும் ஒரே ஆள்தானா என்பது முதல் கேள்வி. ஒரே ஆள் என்றால் அவருடைய விவரம் ஏதாவது மாறியிருக்கிறதா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குத் தவறான விடை சொல்லும் செயலிகளே மிகுதி. வரிசையில் மூன்றாவது இடத்தில் இருப்பவர் என்று இடத்தை வைத்து அடையாளம் சொன்னால், முன்னிலை மாறியவுடன் ஒருவருடைய படமும் இன்னொருவருடைய எண்ணும் கணநேரம் சேர்ந்து தெரியும். பெயரை வைத்துச் சொல்லலாம் என்றால், நம் தேர்தல்களில் அதுவும் ஆகாது. 2024 மக்களவைத் தேர்தலில் இராமநாதபுரம் தொகுதியில் ஓ. பன்னீர்செல்வம் என்ற ஒரே பெயரில் பலர் போட்டியிட்டது நினைவிருக்கும். பெயரை நம்பும் செயலி அங்கே ஒருவருடைய வாக்குகளை இன்னொருவருக்குக் காட்டிவிடும். செய்தி நிறுவனத்துக்கு அதைவிடப் பெரிய அவமானம் வேறில்லை. தேர்தல் ஆணையமே தொகுதிகளுக்குக் கும்மிடிப்பூண்டி 1 என்று தொடங்கி கிள்ளியூர் 234 வரை எண் கொடுத்திருக்கிறது, கரூர் 135. வேட்பாளர்களுக்கு வாக்குச்சீட்டில் வரிசை எண் இருக்கிறது. நோட்டாவுக்கும் கடைசியில் ஓர் இடம் உண்டு. தொகுதி எண்ணையும் வாக்குச்சீட்டு வரிசை எண்ணையும் சேர்த்தால், எண்ணிக்கை முடியும்வரை மாறாத அடையாளம் ஒவ்வொருவருக்கும் கிடைத்துவிடுகிறது. அதைச் சர்வரிலிருந்தே அனுப்ப வேண்டும். கைபேசியில் உட்கார்ந்துகொண்டு அடையாளத்தை உற்பத்தி செய்வதுபோல் ஆபத்து வேறில்லை.

பட்டியலுக்குள் பட்டியல் இருக்கும் இடத்தில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அடையாளமும் ஒப்பீடும் சரியாக இருந்தும் உள்பட்டியல் குதிக்கிறது என்று இளைஞர்கள் பலர் என்னிடம் வருவது இதனால்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கரூர் தொகுதியின் வாக்கு எண்ணிக்கை மாறினால், அதைத் தாங்கியிருக்கும் கரூர் மாவட்ட வரிசையும் மாறியதாகவே டிஃப்யூட்டில் கணக்கிடும். ஏனென்றால் அந்த வரிசையின் உள்ளடக்கமே தொகுதிகள்தான். வரிசை மாறிவிட்டது என்ற செய்தி மட்டும் வந்தால், ரீசைக்கிளர்வியூ பழைய தோற்றத்தை மங்கவைத்துப் புதிய தோற்றத்தைத் தெளியவைக்கும் ஓர் அசைவுக்காக அதே இடத்தில், ஒரு வரிசையின் தோற்றத்தைத் தாங்கும் வியூஹோல்டர் இன்னொன்றைக் கொண்டுவந்து வைக்கிறது. சாதாரண வரிசைக்கு அது அழகு. உள்ளே இன்னொரு பட்டியலை வைத்திருக்கும் வரிசைக்கோ அது கேடு. புதிய வியூஹோல்டருக்குள் இருக்கும் பட்டியல் தொடக்கத்தில் நிற்கும், வாசகர் நகர்த்தி வைத்திருந்த இடம் போய்விடும். இதைத் தவிர்க்க, என்ன மாறியது என்பதைப் பேலோடு என்ற குறிப்பாகச் சேர்த்து அனுப்ப வேண்டும். பேலோடு இருந்தால் ஆண்ட்ராய்டின் இயல்பான அசைவூட்டி பழைய வியூஹோல்டரையே வைத்துக்கொள்ளும். நாம் அதற்குள் ஏற்கெனவே இருக்கும் அடாப்டரிடம் புதிய தொகுதிகளைக் கொடுத்தால், அது தன் பங்குக்கு ஓர் ஒப்பீட்டை நடத்தி, ஒரே ஓர் அட்டையின் ஒரே ஓர் எண்ணை மாற்றிவிட்டு நிற்கும். வேட்பாளரின் படம்கூட மீண்டும் ஏற்றப்படாது. மாவட்ட வரிசை திரைக்கு வெளியே போய்த் திரும்பும்போது பக்கவாட்டு நகர்வை நினைவில் வைத்திருக்க, வரிசைகளைத் திரையில் அடுக்கும் லேஅவுட்மேனேஜரின் நிலையை மாவட்ட அடையாளத்தோடு சேமித்து வைத்தால் போதும். இவ்வளவுதான் வேலை, நான் பார்த்த பல செயலிகளில் இந்த ஒன்று மட்டும்தான் குறையாக இருந்தது.

'எல்லாம் மாறிவிட்டது' கட்டளை இன்னும் ஒழியாமல் இருப்பதற்கு நான் கண்ட காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக வேலைக்கு வரும் ஒருவர் சர்வரிலிருந்து வந்த எண்ணைப் பழைய பட்டியலின் உள்ளேயே திருத்திவிட்டு, அதே பட்டியலை அடாப்டரிடம் மீண்டும் கொடுக்கிறார். தன்னிடம் இருக்கும் அதே பட்டியல்தானே என்று, ஒப்பீட்டைத் தானே நடத்தும் அடாப்டரான லிஸ்ட்அடாப்டர் எதுவும் செய்யாமல் திரும்பிவிடுகிறது. கடைசி நிலையை வைத்திருக்கும் ஃப்ளோ வகையான ஸ்டேட்ஃப்ளோவும் அப்படியே, முந்தைய மதிப்புக்குச் சமமான மதிப்பைக் கொடுத்தால் யாருக்கும் எதுவும் சொல்லாது. திரை அசையவில்லை. மாலைக்குள் வேலையை முடித்துத் தர வேண்டும். தேடிப் பார்க்கிறார், அந்தப் பழைய கட்டளை கிடைக்கிறது, எழுதுகிறார், திரை மாறுகிறது. வேலை முடிந்துவிட்டதாக எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். பழைய நிலையைத் தொடாமல், மாறிய பகுதிக்கு மட்டும் புதிய பொருளை உருவாக்கி, புதிய நிலையாகக் கொடுக்க வேண்டும் என்ற ஒரு பாடத்தை முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தால் இந்தக் குறுக்குவழிக்குத் தேவையே இருந்திருக்காது. பொறியியல் கல்லூரிகளில் கைபேசிச் செயலி பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டுமென்று விரும்புகிறேன்.

ஸ்ட்ரீமை எங்கே தொடங்குவது என்பதிலும் நிதானம் தேவை. ஒவ்வொரு தொகுதி அட்டையும் தனக்கென்று ஒரு ஸ்ட்ரீமைக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்ற எண்ணம் பார்ப்பதற்கு நேர்த்தியாகத் தோன்றும். ரூம் தரவுத்தளத்தில் அது பெரும் சுமையாகிவிடும். ஓர் அட்டவணையில் ஏதோ ஒரு வரி மாறினாலும், அந்த அட்டவணையைக் கவனித்துக்கொண்டிருக்கும், தரவைக் கேட்டு வாங்கும் எல்லா வினவல்களையும் ரூம் மீண்டும் ஓட்டும். எந்த வரி மாறியது என்று அது பார்ப்பதில்லை. வாக்குகள் அட்டவணையில் கும்மிடிப்பூண்டிக்கான ஓர் எண் மாறினால், திரையில் தெரியும் அத்தனை அட்டைகளின் வினவல்களும் ஓடும். அட்டை திரையை விட்டுப் போகும்போது அதன் ஸ்ட்ரீமை நிறுத்த மறந்திருந்தால், தெரியாத அட்டைகளின் வினவல்களும் சேர்ந்துகொள்ளும். முழுத் திரைக்கும் ஒரே ஸ்ட்ரீம் வைத்து, பெயர், கட்சி, படம் போன்ற மாறாத விவரங்களையும் மாறுகிற வாக்குகளையும் இணைத்து ஒரே நிலையாகக் கீழே அனுப்புவதே இத்தகைய திரைகளுக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. திரை மறைந்திருக்கும்போது ஸ்ட்ரீமும் நிற்க வேண்டும். வாசகரின் மின்கலத்தையும் இணையத் தரவையும் சட்டைப்பைக்குள் வைத்துக் கரைப்பதற்கு நமக்கு உரிமை இல்லை.

வேகத்தைக் கட்டுப்படுத்துவதிலும் ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. மாற்றங்கள் சரமாரியாக வரும்போது டிபவுன்ஸ் என்ற ஸ்ட்ரீம் கட்டளையை நாடுவார்கள். தேடல் பெட்டியில் தட்டச்சு செய்வதற்கு அது பொருத்தம். தட்டுவதை நிறுத்தி ஒரு சிறு இடைவெளி விட்டபின் தேடும். வாக்கு எண்ணிக்கையின் உச்சத்தில் அந்த இடைவெளி வராமலே போகலாம். மாற்றங்கள் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் டிபவுன்ஸ் எதையும் வெளியே விடாது. மாற்றம் மிகுந்திருக்கும் நேரத்தில் திரை உறைந்து கிடக்கும். இங்கே வேண்டியது சாம்பிள் என்ற கட்டளை. குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒருமுறை, அந்த நேரத்தில் கைவசமுள்ள கடைசி நிலையை அது எடுத்துக் கொடுக்கும். இரண்டு நொடிக்கு ஒருமுறை போதும். மனிதக் கண்ணுக்கு வாக்கு எண்ணிக்கையை அதைவிட விரைவாகப் படிக்க வேண்டிய தேவை இல்லை.

சர்வர் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. மாற்றங்களை மட்டும் அனுப்பினால் தரவு மிச்சம்; ஆனால் கைபேசிகள் சுரங்கப்பாதையிலும் மின்தூக்கியிலும் இணைப்பை இழந்து மீளும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏறுவரிசையில் ஒரு பதிப்பு எண் வேண்டும். இடையில் ஒன்று விடுபட்டது தெரிந்தால் செயலி முழு நிலையையும் ஒருமுறை கேட்டு வாங்கிக்கொள்ளும். தாமதமாக வந்து சேரும் பழைய மாற்றம் புதியதை அழித்துவிடாது. சுற்று எண்ணையே பதிப்பாகக் கொள்ளலாமே என்று கேட்பார்கள். ஒரே சுற்றின் எண்கள் திருத்தி வெளியிடப்படுவதும் உண்டு என்பதால் அது போதாது.

ஐபோனிலும் கதை இதேதான். அங்கே முன்பு வரிசைகளைத் தனித்தனியாகச் சேர்க்கவும் நீக்கவும் முயன்று, எண்ணிக்கை ஒன்று பிசகினால் செயலியே விழுந்துவிடும். அந்தப் பயத்தில் முழுப் பட்டியலையும் மீளேற்றுவது பழக்கமாயிற்று. ஒப்பீட்டைத் தானே செய்துகொள்ளும், 2019-இல் வந்த டிஃபபிள் டேட்டாசோர்ஸ் அந்தப் பயத்தைப் போக்கிவிட்டது. பழக்கம்தான் பல இடங்களில் போகவில்லை. திரைகளை எழுதுவதற்கான புதிய கருவிகளான, ஆண்ட்ராய்டின் ஜெட்பேக் கம்போஸிலும் ஆப்பிளின் ஸ்விஃப்ட்யூஐயிலும் எழுதுகிறவர்கள், இந்தத் தொல்லையெல்லாம் தங்களுக்கு இல்லை என்று எண்ணுவதைக் காண்கிறேன். ஆனால் கம்போஸின் பட்டியலான லேஸிகாலத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் கீ என்ற அடையாளத்தைக் கொடுக்காவிட்டால், அது இடத்தையே அடையாளமாகக் கொள்ளும். வரிசை மாறும்போது ஒருவர் விரித்து வைத்திருந்த பகுதி இன்னொருவருக்குப் போய்விடும். கருவி புதிதானாலும், யார் யார் என்று சொல்லவேண்டிய பொறுப்பு எழுதுகிறவரிடமே இருக்கிறது. இன்னொன்று, மேலிருந்து கீழாக நகரும் பட்டியலுக்குள் அதே திசையில் நகரும் பட்டியலை வைப்பதை அறவே விட்டுவிடலாம். மாவட்டத் தலைப்பையும் தொகுதிகளையும் ஒரே பட்டியலின் இருவகை வரிசைகளாகத் தட்டையாக்கிவிட்டால் வேலையும் எளிது, வாசகருக்கும் எந்தப் பட்டியல் நகர்கிறது என்ற குழப்பம் இராது.

இத்தனை ஏற்பாடும் எல்லாச் செயலிக்கும் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பத்து வரிகள் கொண்ட, நாளுக்கு ஒருமுறை மாறும் பட்டியலை முழுவதுமாக மாற்றினால் ஒரு குறையும் நேராது. தேவையற்ற இடத்தில் ஸ்ட்ரீம்களைப் பின்னிவிட்டு, எங்கிருந்து எந்த மதிப்பு வருகிறது என்று எழுதியவருக்கே தெரியாமல் போன நிரல்களும் உண்டு. ஆனால் வாக்கு எண்ணிக்கை, பேருந்து வருகை, மழை எச்சரிக்கை, மருத்துவமனைப் படுக்கை நிலவரம் போல மக்கள் பதற்றத்தோடு கையில் வைத்துப் பார்க்கும் தகவல்களில், பட்டியலுக்குள் பட்டியல் வந்துவிட்டால், இதைச் செய்தே ஆக வேண்டும்.

எண்கள் மாறுவது வேறு, வரிசையே மாறுவது வேறு என்பதையும் வடிவமைப்பாளர்கள் நினைவில் கொள்ள வேண்டும். முன்னிலையில் இருப்பவரை மேலே கொண்டுவரும் ஒப்பீடு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், வாசகரின் விரல் திரையில் இருக்கும்போது வரிசைகளை இடம்மாற்றக் கூடாது. அவர் தொட நினைத்த பெயருக்குப் பதில் வேறொரு பெயர் விரலின் கீழ் வந்துவிடும். எண்களை உடனே மாற்றலாம். வரிசையை அவர் விரலை எடுத்தபின், இயன்றால் அவரே ஒரு பொத்தானைத் தொட்டுக் கேட்டபின் மாற்றலாம்.

தங்கள் நாளிதழுக்கும் செயலி இருக்கிறது; அடுத்த வாக்கு எண்ணிக்கையின்போது அதை நம்பிப் பல்லாயிரம் பேர் திறப்பார்கள். அதற்கு முன்பாகத் தங்கள் தொழில்நுட்பக் குழுவினர் ஒரு சோதனையைச் செய்து பார்க்க வேண்டுகிறேன். விலை குறைந்த, சில ஆண்டுகள் பழையதான ஒரு கைபேசியில், 77 வேட்பாளர்கள் கொண்ட மாதிரித் தொகுதி ஒன்றைத் திறந்து, சர்வரிலிருந்து வேறு தொகுதிகளின் எண்களை நொடிக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே இருக்கட்டும். டாக்பேக் இயங்கிக்கொண்டிருக்க, திரையைப் பார்க்காமல் ஒருவர் அறுபதாவது வேட்பாளரின் வாக்குகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அச்செயலியைத் தங்கள் வாசகர்கள் கையில் தயக்கமின்றிக் கொடுக்கலாம். முடியாவிட்டால் எந்த வரியில் பிழை என்பதைக் கண்டுபிடிக்க மேலே எழுதியவை உதவக்கூடும். இதுகுறித்து விரிவான தொழில்நுட்பக் குறிப்பு தேவைப்பட்டால் எழுதித்தர அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கைபேசிச் செயலி உருவாக்குநர்,
கோயம்புத்தூர்.